செவி ஏற்றது; கண் மறுத்தது!

இசைக்கு எல்லை இல்லை என்பர். நாதத்துக்கு நிறமில்லை, இராகத்துக்கு இனமில்லை என்பர். மேடைதோறும் கேட்டுப் பழகிய பேச்சு இது. கேட்க இனிக்கத்தான் செய்கிறது. ஆனால், இனிப்பதெல்லாம் உண்மையாகிவிடுமா? இசையைப் படைக்கும் உள்ளத்துக்கு எல்லை இல்லாதிருக்கலாம். அந்த இசையை விலைபேசி விற்கும் கடைக்கு எல்லை உண்டு, வேலி உண்டு, வேலிக்குக் காவலும் உண்டு! அந்த வேலியிலே மோதி, ஒரே ஒரு நீள் இசைத்தட்டோடு தன் இசைவாழ்வை முடித்துக்கொள்ள நேர்ந்த பெண்ணொருத்தியின் வரலாற்றை, எதையும் ஆராய்ந்து ஏற்கும் இயல்புடைய இளைஞர்கள் முன் வைக்கிறோம்.

அவர் பெயர் லிண்டா மார்டெல். 1941ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்து லீஸ்வில் என்னும் சிற்றூரில் பிறந்தவர், கறுப்பினத்தவர். 'கன்ட்ரி' என்று அமெரிக்கர் அழைக்கும் நாட்டுப்புற மரபிசைக்குத் தலைமைப் பீடமாக விளங்கும் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' மேடையில், 1969ஆம் ஆண்டு, தனித்து நின்று பாடிய முதல் கறுப்பினப் பெண். அடுத்த ஐந்தாண்டு கழிவதற்குள், அந்த இசையுலகில் அவர் இல்லை! குரல் கெட்டதா? கெடவில்லை. பாட்டு விலைபோகவில்லையா? போயிற்று. பின் என்னதான் நேர்ந்தது?

விடை காணவேண்டுமானால், முதலில் அந்த வேலியைப் போட்டவர் யார் என்று பார்க்க வேண்டும்.

*

"கன்ட்ரி இசை வெள்ளையரின் இசை. மலையிலும் வயலிலும் உழன்ற ஏழை வெள்ளையரின் நெஞ்சிலே பிறந்தது. அதிலே கறுப்பருக்கு என்ன வேலை?" — நெடுங்காலமாக ஓதப்பட்டு வந்த மந்திரம் இது. மந்திரம் என்று எவரேனும் ஒன்றை நீட்டினால், உரைத்துப் பார்ப்பது நம் வழக்கம். உரைப்போம்.

அந்த இசைக்கு அடையாளமாகிய கருவி எது? பாஞ்சோ. அது எங்கிருந்து வந்தது? சுரைக்குடுக்கையில் தோல் போர்த்து, நரம்பு கட்டி, மேற்கு ஆப்பிரிக்க மக்கள் மீட்டிய கருவிகளின் வழி வந்தது. விலங்கு பூட்டிக் கப்பலேற்றப்பட்ட அடிமைகள், கையிலே ஏதுமின்றி வந்தும், நெஞ்சிலே சுமந்து வந்து, அயல்மண்ணில் மறுபடியும் செய்துகொண்ட கருவி அது.

அந்த இசைக்கு 'முதற்குடும்பம்' என்று போற்றப்படுவது கார்ட்டர் குடும்பம். 1927ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரில் அவர்கள் பாடிய பாட்டுகளிலிருந்துதான் கன்ட்ரி இசையின் வரலாற்றையே பலர் தொடங்குவர். அந்தக் குடும்பத்துத் தலைவர் ஏ. பி. கார்ட்டர், மலையூர்களிலே பாட்டுத் தேடி அலைந்தபோது, 1928 முதல் உடன் நடந்தவர் யார்? லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கலைஞர்; சிமெண்ட் ஆலை விபத்திலே ஒரு காலை இழந்தவர். சொல்லை எழுதிக்கொள்வது கார்ட்டரின் வேலை. மெட்டை மனத்திலே ஏற்றிக் கொண்டுவந்து சேர்ப்பது ரிடிலின் வேலை. இசைத்தட்டிலே பெயர் யாருடையது? கேட்கவே வேண்டாம்.

கன்ட்ரி இசையின் பெருங்கவிஞர் என்று கொண்டாடப்படும் ஹாங்க் வில்லியம்சுக்கு, அலபாமா மாநிலத்தில் சிறுவயதிலே கிதாரும் பாட்டும் கற்பித்த ஆசான் யார்? தெருவிலே பாடிப் பிழைத்த ரூபஸ் பெய்ன் என்னும் கறுப்பர். மாணவரே வாய்திறந்து ஒப்புக்கொண்ட செய்தி இது.

ஆக, கருவியிலே கறுப்பர் பங்கு உண்டு, மெட்டிலே உண்டு, ஆசான் இருக்கையிலும் உண்டு. பின் அது எப்படி 'வெள்ளையர் இசை' ஆயிற்று? இரத்தத்தால் ஆகவில்லை. மண்ணால் ஆகவில்லை. கணக்கேட்டால் ஆயிற்று!

1920ஆம் ஆண்டு, ஒக்கே என்னும் இசைத்தட்டு நிறுவனம், மாமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகியின் 'கிரேசி புளூஸ்' பாட்டை வெளியிட்டது. பெருவிற்பனை. கறுப்பரும் காசு கொடுத்து வாங்குவர் என்ற 'ஞானம்' கம்பெனி முதலாளிகளுக்கு அன்றுதான் பிறந்தது. 1923ஆம் ஆண்டு அதே நிறுவனம், அட்லாண்டா நகரில், பிடில் வாசிக்கும் ஜான் கார்சன் என்ற வெள்ளையரைப் பதிவு செய்தது, அதுவும் விலைபோயிற்று. இரண்டு சரக்கு கிடைத்தது. இரண்டு அலமாரி வேண்டாமா? கறுப்பர் பாடினால் 'ரேஸ் ரெக்கார்டு', இனத்தட்டு. தென்னாட்டு வெள்ளையர் பாடினால் 'ஹில்பில்லி', மலைவாசிப் பாட்டு. கொலம்பியா நிறுவனம் கறுப்பருக்கென 14000 எண் வரிசை வைத்தது. வெள்ளையருக்கென 15000 எண் வரிசை வைத்தது. ஒரே ஊரிலே, ஒரே நிறுவனத்தின் கருவிமுன், ஒரே விதமான பாட்டைப் பாடினாலும், பாடியவரின் தோலைப் பார்த்துத்தான் தட்டுக்கு எண்!

1949ஆம் ஆண்டு 'பில்போர்ட்' என்னும் இசை வணிக ஏடு, தன் பட்டியல்களின் பழைய பெயர்களைத் துடைத்தது. 'ரேஸ்' என்பது 'ரிதம் அண்டு புளூஸ்' ஆயிற்று. 'ஃபோக்' என்றிருந்தது 'கன்ட்ரி அண்டு வெஸ்டர்ன்' ஆயிற்று. பலகைக்குப் புதுச்சாயம் பூசினார்கள். வேலி, நட்ட இடத்திலேயே நின்றது.

*

வேலிக்குள்ளே கறுப்பர் எவரும் நுழையவில்லையா? நுழைந்தார் ஒருவர். நுழைந்தது மட்டுமன்று, அந்தப் பீடம் பெயர் பெறுவதற்கே காரணமானார். டிஃபோர்ட் பெய்லி என்பது அவர் பெயர். 1899இல், அடிமைப்பட்டிருந்தோரின் பேரனாகப் பிறந்தவர். இளம்பிள்ளைவாதம் தாக்கி வளர்ச்சி குன்றிய உடல். ஆனால் மவுத் ஆர்கனை வாயில் வைத்தால், இரயில் வண்டியே அரங்குக்குள் ஓடிவருவது போலிருக்கும்! 1927ஆம் ஆண்டு டிசம்பரில், நாஷ்வில் நகரின் டபிள்யூ.எஸ்.எம். வானொலியில், உயர்குடி ஓபரா நிகழ்ச்சி முடிந்ததும், 'பான் அமெரிக்கன் புளூஸ்' என்ற இரயில் இசையை அவர் வாசித்தார். அந்த வேளையில்தான் நிகழ்ச்சித் தலைவர் ஜார்ஜ் ஹே, 'இதுவரை கிராண்ட் ஓபரா, இனி கிராண்ட் ஓல் ஆப்ரி' என்னும் கருத்துப்பட வேடிக்கையாகச் சொல்லிவைத்தார். அந்தப் பெயர்தான் நிலைத்தது.

பெயருக்குக் காரணமானவருக்குக் கிடைத்தது என்ன? வெளியூர்களுக்குக் குழுவோடு சென்றால், உடன்வந்த வெள்ளைக் கலைஞர் தங்கும் விடுதியில் அவருக்கு அறையில்லை. உண்ணும் உணவகத்தில் இலையில்லை. 1941ஆம் ஆண்டு, பாட்டுரிமைச் சங்கங்களுக்கும் வானொலிகளுக்கும் மூண்ட தகராறின்போது, ஆப்ரியிலிருந்து நீக்கப்பட்டார். பதினான்கு ஆண்டுப் பணிக்குப் பின், நாஷ்வில் நகரிலேயே காலணிக்கு மெருகு போடும் கடை நடத்திப் பிழைத்தார். 1982இல் மறைந்தார். 2005இல் கன்ட்ரி இசையின் புகழ்க்கூடத்தில் அவருக்கு இடம் கொடுத்தனர். மூச்சு நின்று 23 ஆண்டு கழித்து, மூச்சால் வாசித்தவருக்கு மரியாதை!

*

இனி, நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒரு நிகழ்ச்சி. 1966ஆம் ஆண்டு, ஆர்.சி.ஏ. நிறுவனம் சார்லி பிரைட் என்ற புதிய கன்ட்ரிப் பாடகரின் தட்டுகளை வானொலி நிலையங்களுக்கு அனுப்பியது. புதிய பாடகர் என்றால் புகைப்படத்தையும் விளம்பரக் குறிப்பையும் உடன் அனுப்புவது தொழில் வழக்கம். பிரைட்டின் தட்டோடு படம் செல்லவில்லை! ஏன்? அவர் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திக் காட்டிலே பிறந்த கறுப்பர். வானொலியார் கேட்டனர், நன்று என்றனர், ஒலிபரப்பினர். வீடுகளிலே வெள்ளையர் கேட்டனர்; சுவைத்தனர்; காசு கொடுத்து வாங்கினர். பாடியவர் மேடையேறியபோதுதான், கூட்டம் திகைத்து வாயடைத்தது.

விஞ்ஞானக் கூடத்திலே சோதனை செய்வோர், ஒன்றை மறைத்து மற்றொன்றை அளப்பர். ஆர்.சி.ஏ. நிறுவனம் அறியாமலேயே அத்தகைய சோதனையொன்றைச் செய்துவிட்டது. கண்ணுக்குத் திரையிட்டு, செவிக்கு மட்டும் பாட்டைக் கொடுத்தது. செவி என்ன சொல்லிற்று? 'இவர் நம்மவர்' என்றது! 'கன்ட்ரி இசை வெள்ளை இரத்தத்திலே ஊறியது' என்ற மந்திரம் பொய்யென்று மெய்ப்பிக்க, இதைவிடச் சான்று வேண்டுமா? வேலி செவியிலே இல்லை, கண்ணிலே இருந்தது. கண்ணிலே அதை நட்டது கம்பெனியின் கணக்கேடு.

பிரைட் உயர்ந்தார், 29 பாட்டுகளைப் பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுசென்றார், 1971இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் தலையாய விருதையும் பெற்றார். மகிழ்கிறோம். ஆனால், முகத்தை மறைத்துத்தான் முதற்படி ஏறவேண்டியிருந்தது என்பதை மறக்க மறுக்கிறோம்.

முகத்தை மறைக்காமல் ஒருவர் அதே படியில் ஏறினால் என்ன நடக்கும்? அதுவும் பெண்ணாக இருந்தால்? அந்த இரண்டாம் சோதனைதான் லிண்டா மார்டெலின் வாழ்க்கை.

*

பெற்றோர் இட்ட பெயர் தெல்மா. சிறுமியாக இருந்தபோதே தேவாலயத்திலே பாடியவர். வானொலியிலே வந்த கன்ட்ரிப் பாட்டையும் கேட்டு வளர்ந்தவர். அக்காள் தங்கை உறவினரைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழு அமைத்தார். அவருடைய குரலைக் கேட்ட வானொலி அறிவிப்பாளர் ஒருவர் சூட்டிய பெயர்தான் 'லிண்டா மார்டெல்'. 1962இல் 'ஃபயர்' என்னும் சிறு நிறுவனத்துக்காகக் குழு பாடிய தட்டு வெளிவந்தது. கறுப்பருக்கு வரையப்பட்ட எல்லைக்குள் நின்று பாடிய பாட்டு அது. பெரும்பயன் ஒன்றும் விளையவில்லை.

1969இல், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் விமானப்படைத் தளத்தில், படைவீரர்முன் பாடினார். கூட்டத்தார் கன்ட்ரிப் பாட்டு கேட்டனர், பாடினார். அதைக் கேள்வியுற்ற டியூக் ரேனர் என்னும் மரச்சாமான் வணிகர், அவரை நாஷ்வில் நகருக்கு அழைத்துச் சென்றார். மாதிரிப் பதிவு தயாரானது; ஷெல்பி சிங்கிள்டன் என்ற தயாரிப்பாளரிடம் சென்றது. சிங்கிள்டன் சிறு வணிகரல்லர். முந்திய ஆண்டுதான் ஜீன்னி சி. ரைலி என்ற வெள்ளைப் பாடகியின் 'ஹார்ப்பர் வேலி பி.டி.ஏ.' பாட்டை நாடெங்கும் முழங்க வைத்துப் பொருள் குவித்தவர். எல்விஸ் பிரெஸ்லி முதன்முதல் பாடிய 'சன்' நிறுவனத்தையே 1969இல் விலைக்கு வாங்கியவர். மார்டெல் ஒப்பந்தத்திலே கையெழுத்திட்டார்.

எந்த நிறுவனத்தோடு? அதன் பெயரைக் கேளுங்கள்: 'பிளான்டேஷன் ரெக்கார்ட்ஸ்'! அடிமைகளை விலைக்கு வாங்கிப் பூட்டி, சவுக்கைக் கையிலேந்தி வேலை வாங்கிய பருத்தித் தோட்டத்துக்கு அமெரிக்கர் வழங்கும் பெயர் அது. விடுதலை பெற்றோரின் வழிவந்த பெண் பாடிய தட்டின் நடுவிலே, அந்தச் சொல் அச்சாகிச் சுழன்றது. தமக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை என்று மார்டெல் எடுத்துச் சொன்னார். பெயர் மாறவில்லை. வெறும் பெயர்தானே என்று நினைப்போர் இருக்கக்கூடும். நினைப்பவர் யாருடைய பாட்டனும் அந்தத் தோட்டத்திலே அடிபட்டதில்லை போலும்!

முதலில் வெளிவந்த பாட்டு 'கலர் ஹிம் ஃபாதர்'. 'வின்ஸ்டன்ஸ்' என்னும் குழு அதே 1969இல் பாடிப் புகழ்பெற்ற பாட்டு. போரிலே தந்தையை இழந்த வீட்டுக்கு வந்து, பிறர் பெற்ற பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாய்த் தாங்கும் வளர்ப்புத் தந்தையைப் போற்றும் பாட்டு. வின்ஸ்டன்ஸ் பாடியபோது அது 'ஆர் அண்டு பி' பட்டியலுக்குச் சென்றது. அதே சொல்லை, அதே மெட்டை, மார்டெல் கன்ட்ரி நடையிலே பாடியபோது கன்ட்ரிப் பட்டியலிலே 22ஆம் இடம் வரை ஏறியது. வேலியின் இருபுறமும் வேர்விட்ட பாட்டு!

அந்த மூலத்தட்டின் மறுபக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். 'ஆமென் பிரதர்' என்ற அந்த இசையின் நடுவே, கிரகரி கோல்மன் என்னும் மேளக்காரர் சில நொடிகள் தனித்து வாசித்த தாளத்தை வெட்டியெடுத்து, பின்னாளில் ஆயிரக்கணக்கான பாட்டுகளிலே ஒட்டிக்கொண்டனர். ஊர் உலகமெல்லாம் அந்தத் தாளத்துக்கு ஆடிற்று. உரிமைத்தொகையாக ஒரு காசும் காணாமல், 2006இல் வறுமையிலே மாண்டார் கோல்மன். தட்டின் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும், கணக்கேட்டின் நீதி ஒன்றேதான்.

1969 ஆகஸ்டில் ஆப்ரி மேடை மார்டெலுக்குத் திறந்தது. நினைவிருக்கட்டும்: அதே டென்னசி மாநிலத்தில், மெம்பிஸ் நகரில், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு 16 மாதமே ஆகியிருந்தது. அந்த மண்ணிலே, வெள்ளையர் நிறைந்த அரங்கிலே, 28 வயதுக் கறுப்பினப் பெண் தனியே நின்று பாடினார். பாட்டுக்கு முன் எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்! ஒருமுறையன்று, 12 முறை அந்த மேடையிலே பாடினார். தொலைக்காட்சியின் 'ஹீ ஹா' நிகழ்ச்சியிலும் தோன்றினார்.

1970இல் வெளிவந்தது அவருடைய ஒரே நீள் இசைத்தட்டு 'கலர் மீ கன்ட்ரி'. 'எனக்குக் கன்ட்ரி நிறம் பூசு' என்பது போன்ற தலைப்பு. பதினொரு பாட்டுகள். அவற்றுள் 'பேட் கேஸ் ஆஃப் தி புளூஸ்' என்ற பாட்டைக் கேட்டுப் பாருங்கள். அடித்தொண்டையிலிருந்து உச்சிக்குத் தாவித் தாவி இறங்கும் 'யோடல்' என்னும் உத்தியை, கன்ட்ரிப் பாடகர்கள் தங்கள் தனிச்சொத்தென்று கருதுவர். அதை மார்டெல் ஆள்கிறார். சிரமம் தெரியாமல் ஆள்கிறார். 'சான் பிரான்சிஸ்கோ இஸ் எ லோன்லி டவுன்' என்ற பாட்டிலே, துயரத்தைக் கூவி விற்காமல், அடக்கிச் சொல்கிறார். 'பிஃபோர் தி நெக்ஸ்ட் டியர்டிராப் ஃபால்ஸ்' என்ற பாட்டு 33ஆம் இடம் வரை சென்றது. இதே பாட்டை 1975இல் ஃப்ரெடி ஃபெண்டர் பாடி முதலிடம் பெற்றார். அவரும் மெக்சிகோ வழிவந்த எளிய குடும்பத்துப் பிள்ளை, அவர்மீது நமக்கு வழக்கில்லை. பாட்டிலே பழுதில்லை என்பதற்குச் சான்றாகவே சொல்கிறோம். நீள்தட்டோ, கன்ட்ரி நீள்தட்டுகளின் பட்டியலில் 40ஆம் இடம் கண்டது. முதல் தட்டுக்கு இது இழிவான இடமா? புதிய வெள்ளைப் பாடகி ஒருத்தி இந்த இடத்தைப் பிடித்திருந்தால், அடுத்த தட்டுக்கு அன்றே நாள் குறித்திருப்பர்!

மார்டெலுக்கு என்ன நடந்தது? ஊர் ஊராகப் பாடச் சென்றபோது, கூட்டத்திலிருந்து எழுந்த வசைச்சொற்களை, நாவால் சொல்லக் கூசும் இனவசைகளை, கேட்டுக்கொண்டே பாடினார். நிறுவனத்தின் முயற்சியும் செலவும் ரைலியின் பக்கம் சாய்ந்தன. வேறு நிறுவனத்திலே பாட முயன்றபோது, சிங்கிள்டன் வழக்குமிரட்டல் காட்டித் தடுத்தார் என்றும், அதன்பின் நாஷ்விலில் தமக்குக் கதவு அடைபட்டது என்றும் மார்டெல் பின்னாளில் கூறினார். தானும் வைத்துக்கொள்ளவில்லை, பிறர் வாழவைக்கவும் விடவில்லை! இரண்டாவது கன்ட்ரித் தட்டு வரவேயில்லை.

பிறகு? கலிபோர்னியா சென்றார், நியூயார்க்கில் இசைத்தட்டுக் கடையிலே வேலை பார்த்தார், சொந்த ஊர் திரும்பிப் பள்ளிப் பேருந்து ஓட்டினார், கற்றலிலே இடர்ப்படும் குழந்தைகளுக்காகப் பள்ளியிலே பணியாற்றி ஓய்வு பெற்றார். அந்த வேலைகள் எதுவும் இழிவல்ல. உழைப்பு எதுவாயினும் உயர்வே. ஆனால், அவர் அவற்றைத் தேர்ந்து கொண்டாரா, அல்லது தள்ளப்பட்டாரா என்பதே நம் கேள்வி.

*

இதற்குச் சமாதானம் கூறும் மேதாவிகள் இருக்கத்தான் செய்கின்றனர். அவர்தம் வாதங்களையும் பார்ப்போம்.

"ஒரு தட்டோடு மறைந்த வெள்ளைப் பாடகர் ஆயிரம் பேர் உண்டு, தோல்விக்கெல்லாம் நிறம் காரணமா?" என்பர். உண்டு, மறுக்கவில்லை. ஆனால், வெள்ளையரிலே ஆயிரம் பேர் தோற்றபோது, ஆயிரம் பேர் வென்றுமிருக்கின்றனர். கறுப்பரிலே? சார்லி பிரைட் கடைசியாக முதலிடம் பெற்றது 1983இல். தனித்துப் பாடும் அடுத்த கறுப்பர் டேரியஸ் ரக்கர் அவ்விடத்தை எட்டியது 2008இல். இருபத்தைந்து ஆண்டு இடைவெளி! ஒரு தலைமுறை முழுவதும் கறுப்பினத் தாய்மார் பாடத் தெரியாத பிள்ளைகளையே பெற்றனர் என்று நம்பச் சொல்கிறீர்களா? பெண்களின் நிலையோ இன்னும் பாழ். பில்போர்ட் ஏடு இவ்வகைப் பாட்டுக்குப் பட்டியல் தொடங்கியது 1944இல். கறுப்பினப் பெண்ணொருவர் கன்ட்ரிப் பட்டியலின் முதலிடம் ஏறியது 2024இல். எண்பது ஆண்டு! ஒருவர் தோற்றால் தற்செயல் எனலாம். எண்பது ஆண்டு தோற்றால், ஏற்பாடு என்றே சொல்வோம்.

"வணிகன் இலாபம் பார்ப்பான், சந்தை கேட்பதைக் கொடுப்பான், அவனைக் குறைகூறி என்ன பயன்?" என்பர். சந்தை, மழைபோல் வானத்திலிருந்து பெய்ததா? 14000 என்றும் 15000 என்றும் எண்ணிட்டுப் பிரித்தது எந்த இயற்கை? 'இது உனக்கு, அது அவனுக்கு' என்று ஒரு தலைமுறைக்குச் சொல்லிப் பழக்கிவிட்டு, அடுத்த தலைமுறை அந்தப் பழக்கப்படி கேட்டால், 'பாரீர், மக்கள் விருப்பம்!' என்று கைகாட்டுவது எந்த நியாயம்? மேலும், சந்தை மார்டெலை மறுக்கவில்லையே! 22ஆம் இடமும் 33ஆம் இடமும் கொடுத்தது சந்தைதான். கொடுத்ததை வளர்க்க மறுத்தது கம்பெனி.

"அந்தக் காலம் அப்படி" என்பர் இன்னும் சிலர். காலம் கையெழுத்திட்டதா ஒப்பந்தத்தில்? காலம் வைத்ததா 'பிளான்டேஷன்' என்ற பெயரை? குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது 1964இல். மார்டெல் மேடையேறியது 1969இல். சட்டம் கதவைத் திறந்து ஐந்தாண்டு ஆனபிறகும், தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் மனிதர்கள். பெயரும் முகவரியும் உடையவர்கள். காலத்தின்மேல் பழிபோடுவது, தலைவிதியின்மேல் பழிபோடுவதற்குத் தம்பி முறை. விதியை நம்பாத நாம், இதை மட்டும் நம்பவேண்டுமா?

"எல்லாம் பழங்கதை, இப்போது யார் பேதம் பார்க்கிறார்?" என்று முடிப்பர். பழங்கதையா? 2019இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் 'ஓல்டு டவுன் ரோடு' பாட்டு கன்ட்ரிப் பட்டியலில் இடம்பெற்றது. 'இது போதுமான அளவு கன்ட்ரி அன்று' என்று பில்போர்ட் அதை நீக்கிவிட்டது. நீக்கப்பட்ட அந்தப் பாட்டுதான், வெள்ளைக் கன்ட்ரிப் பாடகர் பில்லி ரே சைரஸ் சேர்ந்து பாடிய வடிவமும் துணைநிற்க, பொதுப் பட்டியலின் முதலிடத்தில் தொடர்ந்து 19 வாரம் வீற்றிருந்தது! மக்களின் செவி மறுபடியும் தீர்ப்பளித்தது. கணக்கேடு மறுபடியும் முகம் திருப்பிக்கொண்டது.

*

2024ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள், டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த பியான்சே, 'கௌபாய் கார்ட்டர்' என்ற தொகுப்பை வெளியிட்டார். அதிலே, 82 வயது லிண்டா மார்டெலின் பேச்சுக்குரலை இரண்டு இடங்களில் சேர்த்தார். ஓர் இடத்துக்கு 'லிண்டா மார்டெல் ஷோ' என்றே பெயர். இசையை வகை வகையாகப் பிரித்து அடைக்கும் வழக்கத்தைப் பற்றி அந்த மூதாட்டி பேசுகிறார். அடைக்கப்பட்டவரைத் தவிர, அதைப் பற்றிப் பேசத் தகுதியானவர் வேறு யார்? அவ்வாண்டிறுதியில், 83 வயதில், அந்தப் பாட்டொன்றின் மூலம் கிராமி விருதுக்கு முதன்முதலாக அவர் பெயர் முன்மொழியப்பட்டது. அரைநூற்றாண்டாகத் தூசி படிந்துகிடந்த 'கலர் மீ கன்ட்ரி' பாட்டுகளை, உலகெங்கும் இளைஞர் தேடிக் கேட்டனர்.

அதே ஆண்டு, நாஷ்வில் பெரியவர்களின் கன்ட்ரி இசைச் சங்கம், 'கௌபாய் கார்ட்டர்' தொகுப்பை ஒரு விருதுக்குக்கூட முன்மொழியவில்லை. 2025 பிப்ரவரியில் கிராமி, அதற்கு ஆண்டின் தலைசிறந்த தொகுப்பு என்ற விருதையும், சிறந்த கன்ட்ரித் தொகுப்பு என்ற விருதையும் கொடுத்தது; அந்தக் கன்ட்ரி விருதைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் பியான்சே. 'கிடைத்துவிட்டதல்லவா, இனி மறந்துவிடுங்கள்' என்பார்க்கு நம் விடை இது: உலகப் புகழும் பெரும்பொருளும் படைத்த ஒருவர் உடைத்து நுழைந்த கதவை, ஊர்ப் பள்ளியிலே பேருந்து ஓட்டும் பெண்ணும் தட்டித் திறக்க முடியுமா? முடியும் நாளில்தான் கதவு திறந்தது என்போம். அதுவரை, பூட்டு ஒருமுறை உடைந்தது, அவ்வளவே.

தாமதமாக வரும் மாலையை நாம் வெறுக்கவில்லை. ஆனால், மாலை கணக்கைத் தீர்க்காது. பெய்லி வாசிக்காமல் விட்ட ஆண்டுகள், மார்டெல் பாடாமல் விட்ட தட்டுகள், இவற்றை எந்த விருதும் திருப்பித் தராது. திருப்பித் தரக்கூடியவை சில உண்டு. பழைய ஒப்பந்தங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவரலாம். உரிமைத்தொகையைக் கணக்கிட்டு உரியவர்க்குக் கொடுக்கலாம். மெட்டைச் சுமந்துவந்த ரிடில் போன்றோரின் பெயரைத் தட்டுகளிலும் பாடநூல்களிலும் பொறிக்கலாம். தோலின் நிறத்தைப் பார்த்து இட்ட வரிசைகளை வரலாற்றுக் குற்றம் என்று எழுதிவைக்கலாம். இவற்றைக் கேட்டால், இசையிலே அரசியலைக் கலக்கிறார்கள் என்று கூச்சலிடுவர். கலந்தது நாமா? 1920களிலேயே எண்ணிட்டுக் கலந்தவர்கள், இன்று பிரித்தெடுக்கச் சொன்னால் பதறுவானேன்?

இளைஞர்களே! 'கலர் மீ கன்ட்ரி' பாட்டுகளைத் தேடிக் கேளுங்கள். அட்டைப்படத்தைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பாடுபவர் எந்த நிறம் என்று உங்கள் செவி சொல்கிறதா, பாருங்கள். சொல்லாது. 'பிறப்பிலேயே வருவது', 'இரத்தத்திலே ஊறியது', 'மரபுக்குரியோர் சிலரே' என்று நாளை எவரேனும் எந்தக் கலையைக் காட்டி உங்களிடம் கூறினாலும், அந்தத் தட்டை நினைவிலே வைத்துக்கொண்டு, ஒரே கேள்வி கேளுங்கள்: 'அந்தப் பட்டியலை எழுதியவன் யார்? எழுதியதால் அவனுக்குக் கிடைத்தது என்ன?'